பெரியவராக விரும்புவது பாவமா? சுயமேன்மை தேடுதலும் மெய்யான மேன்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துச் சபைகளின் வேதபாட வகுப்புகளிலும் வாலிபர் கூடுகைகளிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றை அப்படி முடித்துவிட முடியாது, ஏனென்றால் அவை நம் சபைகளின் ஆறாத புண்ணைத் தொடுகின்றன.

வாழ்க்கையில் முன்னேற வேண்டும், பெரிய நிலைக்கு வரவேண்டும் என்று ஒரு கிறிஸ்தவர் ஆசைப்படலாமா?

ஆசைப்படலாம். தங்களில் யார் பெரியவன் என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்த சீஷர்களைக் கப்பர்நகூமில் உட்காரவைத்து இயேசு பேசியபோது, "எவனாகிலும் முதல்வனாயிருக்க விரும்பினால்" என்றுதான் தொடங்கினார் (மாற்கு 9:35). அந்த விருப்பமே தகாது என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. அது எந்த வழியில் போகவேண்டும் என்பதைத்தான் முற்றிலும் மாற்றினார். கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடங்களில் சுவிசேஷத்தை அறிவிக்கவேண்டும் என்ற தீராத நாட்டம் பவுலுக்கு இருந்தது (ரோமர் 15:20). சபையில் கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று எழுதியவரும் அவரே (1 தீமோத்தேயு 3:1).

உழைத்து மேலே வருவதை மதிக்கிற மண் செட்டிநாடு. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் இருந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர், கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்ந்தார். பிறர் பணம் தம் கையில் இருந்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தே அந்த உயர்வு கொடுக்கப்பட்டது. "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்" என்ற வாக்கு (லூக்கா 16:10) இந்த மக்களுக்கு எளிதில் விளங்கும். ஆகவே விஞ்ஞானியாக விரும்பும் மாணவியையும், சொந்தமாகத் தறி போட விரும்பும் நெசவாளரையும், இரண்டாவது கடை திறக்க விரும்பும் வியாபாரியையும் வேதத்தைக் காட்டிப் பயமுறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

அப்படியானால் வேதம் கண்டிக்கிற சுயமேன்மை எது?

இன்னொருவர் கீழே இருந்தால்தான் நிறைவடையும் ஆசை அது. "ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல்" என்று பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினார் (பிலிப்பியர் 2:3). வைராக்கியமும் விரோதமும் எங்கே உண்டோ அங்கே கலகமும் சகல துர்ச்செய்கைகளும் உண்டு என்று யாக்கோபு எச்சரித்தார் (யாக்கோபு 3:16).

இதைச் சவுல் ராஜாவின் வாழ்க்கையில் கண்ணெதிரே காணலாம். பெலிஸ்தனைக் கொன்று தாவீது திரும்பிவந்த நாளில், ஊர்ப்பெண்கள் "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்று பாடினார்கள் (1 சாமுவேல் 18:7). அன்று சவுல் எதையும் இழக்கவில்லை. சிங்காசனமும் சேனையும் அவருடையவையே. தேசத்தின் எதிரி வீழ்ந்ததால் லாபம் அடைந்தவரும் அவரே. ஆனாலும் பாட்டில் தம் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எண்ணும் இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எண்ணும் வந்ததை அவரால் தாங்க முடியவில்லை. அந்த நாள் முதல் அவர் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தார் என்று வேதம் சொல்லுகிறது. நல்ல இலக்கை நோக்கி ஓடுகிறவர், தம்மோடு ஓடுகிறவர் முந்தினாலும் ஓட்டத்தை அனுபவிக்கிறார். சுயமேன்மை தேடுகிறவருக்கு மற்றவர் முந்திய கணத்திலேயே ஓட்டம் கசந்துபோகிறது.

பாபேல் கோபுரம் கட்டியவர்கள் "நமக்குப் பேர் உண்டாகப் பண்ணுவோம்" என்றார்கள் (ஆதியாகமம் 11:4). அடுத்த அதிகாரத்திலேயே தேவன் ஆபிரகாமிடம் "உன் பேரைப் பெருமைப்படுத்துவேன்" என்கிறார் (12:2). இரண்டு இடத்திலும் பெயர் உண்டு. ஒன்றில் அது பறித்துக்கொள்ளப்படுகிறது. மற்றதில் கொடுக்கப்படுகிறது, அதுவும் பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்படும்படியாக.

இயேசுவோடு கூடவே இருந்த சீஷர்கள் எப்படிப் பதவிக்காகச் சண்டையிட்டார்கள்?

இந்தக் கேள்விக்கு மாற்கு சுவிசேஷத்தைப் பொறுமையாக வாசிப்பதே சிறந்த பதில். 8, 9, 10 ஆகிய மூன்று அதிகாரங்களிலும் இயேசு தம் பாடுகளையும் மரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லுகிறார். முதல் முறை பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்ளுகிறார். இரண்டாம் முறை அவர் சொல்லிமுடித்த பிறகு, யார் பெரியவன் என்ற தர்க்கம் எழுகிறது. மூன்றாம் முறை, எருசலேமுக்குப் போகிற வழியிலேயே, யாக்கோபும் யோவானும் வந்து, மகிமையில் வலப்பக்கத்தில் ஒருவரும் இடப்பக்கத்தில் ஒருவருமாக உட்கார இடம் கேட்கிறார்கள். அவர் தமது மரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் தங்கள் ஆசனத்தைப் பற்றிப் பேசினார்கள். இதை மாற்கு ஒளிக்காமல் எழுதியிருப்பது நமக்காகவே.

அந்த இரண்டு சகோதரரும் கூலியாட்களை வைத்து மீன்பிடித்த வீட்டுப் பிள்ளைகள் (மாற்கு 1:20). அவர்களுக்காகத் தாயும் வந்து பணிந்து கேட்டாள் என்று மத்தேயு சேர்த்துச் சொல்லுகிறார். இதைக் கேள்விப்பட்டு எரிச்சலடைந்த மற்றப் பத்துப் பேரையும் நாம் மெச்சிவிட முடியாது. தாங்கள் கேட்க நினைத்ததை இவர்கள் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் அது என்பதை, பிற்பாடு கடைசி இராப்போஜன வேளையிலும் அதே வாக்குவாதம் எழும்பியதைக் கொண்டு அறியலாம் (லூக்கா 22:24). அப்பமும் பாத்திரமும் கொடுக்கப்பட்ட அதே பந்தியில் அந்தச் சண்டை நடந்தது. "பந்தியிருக்கிறவனோ, பணிவிடை செய்கிறவனோ, எவன் பெரியவன்? பந்தியிருக்கிறவன் அல்லவா? அப்படியிருந்தும், நான் உங்கள் நடுவிலே பணிவிடைக்காரனைப்போல் இருக்கிறேன்" என்று அவர் சொன்னார்.

வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் கேட்டவர்கள், அவர் உயர்த்தப்பட்ட நாளில் அந்த இரண்டு பக்கங்களிலும் இரண்டு கள்வர் தொங்குவார்கள் என்பதை அப்போது அறியவில்லை. ஆனால் அவர் அவர்களைத் தள்ளிவிடவும் இல்லை. யாக்கோபு ஏரோதின் பட்டயத்தால் கொலையுண்டு, அப்போஸ்தலரில் முதல் இரத்தசாட்சியானார் (அப்போஸ்தலர் 12:2). ஆசனம் கேட்ட மனிதரைத் தமது பாடுகளின் பாத்திரத்தில் குடிக்கிறவராக மாற்ற ஆண்டவரால் முடிந்தது. நம் சபைகளுக்காக ஜெபிக்கும்போது எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

இயேசு சிறுபிள்ளையை ஏன் நடுவே நிறுத்தினார்?

பிள்ளையின் கள்ளமின்மையைப் பற்றியே நாம் பிரசங்கம் கேட்டுப் பழகிவிட்டோம். மாற்கு 9 ஆம் அதிகாரத்தில் அவர் சொல்லுவது, இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒன்றை என் நாமத்தினாலே ஏற்றுக்கொள்ளுகிறவன் என்னை ஏற்றுக்கொள்ளுகிறான் என்பதாகும். பெரியவர்கள் கூடிப்பேசுகிற இடத்தில் பிள்ளைக்குச் சொல் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நன்மை செய்தால் திருப்பிச் செய்ய அதனிடம் எதுவும் இல்லை. பரிந்துரைக் கடிதம் தராது, வாக்குச் சீட்டும் போடாது. நமக்கு ஒன்றும் தர இயலாத ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது நாம் எழுந்து வரவேற்கிறோமா, உள்ளேயிருந்தபடியே பதில் சொல்லி அனுப்புகிறோமா என்பதில் நம் உள்ளம் தெரிந்துவிடும்.

தாழ்மை என்றால் தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொள்வதா?

இல்லை. பாதங்களைக் கழுவுவதற்கு முன் யோவான் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தாரென்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போகிறதையும் இயேசு அறிந்து, எழுந்து, வஸ்திரத்தைக் கழற்றிவைத்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டார் (யோவான் 13:3-4). தாம் யார் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதனாலேயே குனிய முடிந்தது. காட்டிக்கொடுக்கப் போகிறவனின் கால்களும் அன்று கழுவப்பட்டன.

"நான் ஒன்றுமில்லாதவன், எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் மறுத்துப் பாராட்டுவாரா என்று முகத்தைப் பார்ப்பது தாழ்மை ஆகாது. கொடுக்கப்பட்ட தாலந்தை இல்லை என்று மறைப்பதும் ஆகாது. நல்ல குரல் உள்ளவர் பாட வேண்டும். கணக்குத் தெரிந்தவர் சபைக் கணக்கை எழுத வேண்டும். வேலை முடிந்த பிறகு தம்மை மறந்துவிட முடிகிறதா என்பதே கேள்வி.

காணிக்கை கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பது தவறா?

செட்டிநாட்டில் இது தவிர்க்க முடியாத கேள்வி. கோயில், சத்திரம், ஊருணி, பள்ளி என்று கொடை கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வந்த மரபு. அந்தக் கொடைகளால் ஊர் வாழ்ந்திருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 இல் நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் என்று ஊரார் அவரை அழைப்பதில் கிறிஸ்தவர்களும் மனமுவந்து சேர்ந்துகொள்ள வேண்டும். நன்றி மறவாமை விசுவாசத்துக்கு விரோதமானதன்று.

வேதமும் பெயர்களை எழுதிவைக்கிறது. எருசலேமின் அலங்கத்தைக் கட்டியவர்களை நெகேமியா 3 ஆம் அதிகாரம் பெயர் பெயராகச் சொல்லுகிறது. தட்டாரும் தைலக்காரரும் தன் குமாரத்திகளோடு வேலைசெய்த சல்லூமும் அதில் உண்டு. தெக்கோவா ஊராரும் கட்டினார்கள், ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் ஆண்டவருடைய வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதும் அதே பட்டியலில் நிற்கிறது. அது உழைத்தவர்களைக் குறித்து மற்றவர் எழுதிய பட்டியல். தாவீதின் மகன் அப்சலோமோ, தன் பெயரை நினைக்கப்பண்ண எனக்குக் குமாரன் இல்லையென்று சொல்லி, உயிரோடிருக்கும்போதே தனக்கென்று ஒரு தூணை நிறுத்தினான் (2 சாமுவேல் 18:18). அவன் உடல் அந்தத் தூணின் கீழ் வைக்கப்படவில்லை. காட்டிலுள்ள ஒரு குழியில் போடப்பட்டு, அதன்மேல் கற்குவியல் குவிக்கப்பட்டது.

ஆகவே கல்லை விட்டுவிட்டு, கொடுக்கிறவரின் மனத்தைத்தான் பார்க்க வேண்டும். பெயர் போடாவிட்டால் கொடுக்கமாட்டேன் என்பவரும், எழுத்து சிறியதாகிவிட்டது என்று ஆயரோடு பேசாமல் இருப்பவரும் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்று மத்தேயு 6:2 சொல்லுகிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இதை நேரிலேயே காணலாம். ஒரு சேவற்கோழியோ ஒரு பரங்கிக்காயோ ஏலத்துக்கு வரும். முதல் சில கேள்விகள் வரை சிரிப்பும் சந்தோஷமுமாகப் போகும். பிறகு மற்றவர்கள் விலகிக்கொள்ள, இரண்டு குடும்பங்கள் மட்டும் கேட்டுக்கொண்டே போகும். கேட்கிறவரின் கண் பரங்கிக்காயின்மேல் இராது, எதிர் வரிசையில் இருப்பவரின்மேல் இருக்கும். பின்வரிசையில் இருக்கும் கொத்து வேலைக்காரர், தம் கையில் மடித்து வைத்திருந்த நோட்டை மீண்டும் பைக்குள் வைத்துக்கொள்வார். சபைக்கு அன்று அதிகப் பணம் வந்திருக்கும். அந்தப் பணம் எப்படி வந்தது என்பதை மூப்பர்கள் கவலையோடு சிந்திக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

சபைத் தேர்தலில் போட்டியிடலாமா?

போட்டியிடலாம். பொறுப்புகளை யாராவது சுமந்துதான் ஆகவேண்டும். தகுதியுள்ளவர்கள் ஒதுங்கிக்கொண்டால் தகுதியில்லாதவர்கள் வருவார்கள். ஆனால் வேன் வைத்து ஆள் அழைத்து வருவதும், தேர்தலுக்கு முந்தின வாரம் விருந்து வைப்பதும், எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்று எண்ணுவதும், தோற்றபின் நீதிமன்றத்துக்கு ஓடுவதும் கர்த்தருடைய சரீரத்தைக் கிழிக்கிற பாவங்கள். இவற்றை "நிர்வாகத் திறமை" என்று பெயர் மாற்றி அழைக்கக் கூடாது.

அப்சலோம் அதிகாலையில் பட்டணத்து வாசலண்டையில் நின்று, வழக்கோடு வருகிறவனை அன்பாய் விசாரித்து, உன் காரியம் நியாயமானதுதான், ஆனால் ராஜாவினிடத்தில் கேட்பார் இல்லை என்பான். தன்னை நியாயாதிபதியாக வைத்தால் நலமாயிருக்கும் என்பான். கைநீட்டிப் பிடித்து முத்தமிடுவான் (2 சாமுவேல் 15). அவன் சொன்ன எதுவும் முழுப்பொய் அல்ல. மக்களின் உண்மையான குறையைத் தன் ஏணியாக்கினான். தேர்தல் வரும்போது மட்டும் ஏழை வீடுகளைத் தேடிப்போகிறவர்கள் இந்த அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசிக்க வேண்டும்.

போட்டியிட நினைப்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள எளிய கேள்வி ஒன்று உண்டு: தோற்றுவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஆராதனைக்கு அதே மகிழ்ச்சியோடு வருவேனா, ஓய்வுநாள் பள்ளி வகுப்பைத் தொடர்ந்து நடத்துவேனா? இந்தக் கேள்விக்குத் தயக்கமில்லாமல் ஆம் என்று சொல்ல முடியாதவர், இந்த முறை விண்ணப்பம் போடாமல் இருப்பது அவருக்கும் சபைக்கும் நல்லது.

ஊழியர்களுக்குள்ளும் போட்டி இருக்கிறதே?

இருக்கிறது. முதலாம் நூற்றாண்டிலும் இருந்தது. "முதன்மையாயிருக்க விரும்புகிற தியோத்திரேப்பு" என்று ஒருவனை யோவான் பெயர் சொல்லியே எழுதினார் (3 யோவான் 9). கன்வென்ஷன் சுவரொட்டியில் கிறிஸ்துவின் பெயரைவிடப் பிரசங்கியாரின் படம் பெரியதாக இருப்பதும், பட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு நீளமாவதும் மக்களுக்குத் தெரியாமல் இல்லை. எல்லாரும் இயேசுவிடம் போகிறார்கள் என்று சீஷர்கள் குறைசொன்னபோது யோவான் ஸ்நானன் கொடுத்த பதில், "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்பது (யோவான் 3:30). தம்மிடம் இருந்த கூட்டம் கரைந்துகொண்டிருந்த வேளையில் தம் சந்தோஷம் சம்பூரணமாயிற்று என்று சொன்ன ஊழியர் அவர்.

குலப்பெருமையும் சுயமேன்மைதானா?

ஆம், நம் சபைகளில் மிக ஆழமாக வேரோடியிருப்பதும் அதுவே. தனியாள் பெருமைக்கு அவன் எதையாவது சாதித்தாவது இருக்க வேண்டும். குலப்பெருமைக்கு அதுகூட வேண்டியதில்லை. பிறந்ததே போதும் என்று நினைக்கிறது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, திருமண வீட்டுப் பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவது என்று பார்க்கிறவர்கள், அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தது எதற்காக என்று கலாத்தியர் 2 ஆம் அதிகாரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அந்த வழக்கும் பந்தியைப் பற்றியதுதான்.

தேவகோட்டைக்குக் கிழக்கே, திருவாடானை வட்டாரத்தில் உள்ள ஓரியூரின் செம்மண்ணுக்கு வருடந்தோறும் திரளானோர் போகிறார்கள். புராட்டஸ்டண்டு சபைகளைச் சேர்ந்த நாமும் அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. அவர் 1647 இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்து, போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் ஏவலிளைஞராக வளர்ந்தவர். அந்த வாசலில் நின்றிருந்தால் எந்தப் பதவியும் அவருக்குக் கிடைத்திருக்கும். இயேசு சபையில் சேர்ந்து 1673 இல் இந்தியாவுக்கு வந்து, மதுரை மிஷனில் பண்டாரசுவாமி (பிராமணரல்லாத துறவி) கோலத்தை மேற்கொண்டார். பிராமண சந்நியாசி கோலத்தை மேற்கொண்டவர்களால் தாழ்த்தப்பட்ட மக்களோடு பழக முடியாது. பண்டாரசுவாமிக்கு அந்த வழி திறந்திருந்தது. அந்த மிஷனும் சாதி வரம்புகளை முற்றிலும் உடைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் தமக்குப் பிறப்பில் கிடைத்த உயரத்தை அவர் கீழே வைத்துவிட்டே இந்த மண்ணில் நடந்தார். 1686 இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தபின் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அரசராகிவிட்ட பழைய தோழர் பேதுரு அவரைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பினார். அவரோ 1690 இல் மறுபடியும் இங்கே வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அரசரின் அருகே ஓர் ஆசனம் அவருக்கு உண்மையாகவே காத்திருந்தது என்பதை, வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் கேட்டவர்களின் கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

தாழ்மை என்ற பெயரில் அநியாயத்தைச் சகித்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். பணிவிடைக்காரனாயிரு என்று ஆண்டவர் சொன்னது ஆசனம் தேடியவர்களுக்கு. ஏற்கெனவே கீழே அமர்த்தப்பட்டவர்களின் வாயை அடைக்க அந்த வசனத்தை எடுக்கிறவர்கள் அதைத் திருடுகிறார்கள். பந்தி விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர் முறையிட்டபோது, தாழ்மையாயிருங்கள் என்று அப்போஸ்தலர் அவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்து முறைமையையே மாற்றினார்கள் (அப்போஸ்தலர் 6). விசாரணையின்றித் தன்னை அடித்த அதிகாரிகள் தாங்களே வந்து வெளியே அழைத்துப்போக வேண்டும் என்று பிலிப்பி சிறையில் பவுல் கேட்டார் (16:37). சம்பளம் தராமல் "ஊழியமாக நினைத்துச் செய்" என்று கோயில் பணியாளரிடம் சொல்லுகிற சபை, தன் பெருமையை அவர் முதுகில் ஏற்றிவைக்கிறது.

கூட இருந்தவர் உயரும்போது மனம் வேகிறது. என்ன செய்வது?

முதலில் அதை ஜெபத்தில் அதன் பெயரைச் சொல்லியே அறிக்கையிடுங்கள்: இது பொறாமை. பிறகு அந்த நபருக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவருடைய காரியம் வாய்க்கும்படி கேளுங்கள். முதல் நாட்களில் வாய் மட்டும் சொல்லும், மனம் வராது. பரவாயில்லை, தொடருங்கள்.

யோனத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். சவுலின் குமாரர் அவர். அடுத்த ராஜா என்று எல்லாராலும் எண்ணப்பட்டவர். தாவீதின் உயர்வால் உண்மையாகவே இழப்பு யாருக்கு என்றால் அவருக்குத்தான். அவரோ தம் சால்வையையும் வஸ்திரத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தார். பிற்பாடு காட்டில் ஒளிந்திருந்த தாவீதைத் தேடிப்போய், நீ இஸ்ரவேலின் மேல் ராஜாவாயிருப்பாய், நான் உனக்கு இரண்டாவதாயிருப்பேன் என்றார் (1 சாமுவேல் 23:17). ஒரே வீட்டில், ஒரே செய்தியைக் கேட்டு, தகப்பன் ஈட்டியை எடுத்தார். மகன் வில்லைக் கழற்றிக் கொடுத்தார்.

பிள்ளைகள் பெரிய ஆளாக வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது தவறா?

தவறில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பிளக்ஸ் பேனரில் அடித்து நூறடிச் சாலையில் நிறுத்தும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகத்தையும் ஒரு முறை பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். செபெதேயுவின் குமாரருடைய தாய் தன் பிள்ளைகளுக்காக ஆசனம் கேட்டவள். அவளை இயேசு துரத்தவில்லை. நீங்கள் கேட்டுக்கொள்ளுகிறது இன்னது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றார். சீஷர்களில் பலர் ஓடிப்போன பின்பு, சிலுவைக்குத் தூரத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸ்திரீகளில் அவளும் இருந்தாள் (மத்தேயு 27:56). அவள் என்ன நினைத்தாள் என்று வேதம் சொல்லவில்லை.

யாரும் கவனிக்காத வேலையைப் பல வருடங்களாகச் செய்து சோர்ந்துபோனேன். எனக்கு என்ன சொல்லுவீர்கள்?

அறுப்பின் பண்டிகை விருந்தில் முதல் பந்திக்கு முன்பே வந்து அரிவாள்மனையில் காய் நறுக்கி, கடைசிப் பந்தி எழுந்தபின் எச்சில் இலை எடுத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்கள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. நன்றியுரையில் அவர்கள் பெயர் வருவதில்லை. உங்கள் சோர்வு பாவம் என்று சொல்லமாட்டோம். உங்களைக் கவனிக்காதது எங்கள் பாவம். அதைச் சபை திருத்திக்கொள்ள வேண்டும். உங்கள் கிரியையையும் அன்புள்ள பிரயாசத்தையும் மறந்துவிடுகிறதற்குத் தேவன் அநீதியுள்ளவரல்லவே என்ற எபிரெயர் 6:10 உங்களுக்கே உரியது.

அதோடு பாருக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எரேமியாவின் வாய் சொல்ல எழுதிக்கொண்டவர். அவருடைய சகோதரன் செராயா சிதேக்கியா ராஜாவோடு பாபிலோனுக்குப் போன அரண்மனை அதிகாரி (எரேமியா 51:59). அதே நேரியாவின் குமாரனான இவரோ, யாரும் கேட்க விரும்பாத தீர்க்கதரிசியின் எழுத்தர். இளைப்பாறுதல் இல்லை என்று அவர் புலம்பியபோது, "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்று கர்த்தர் சொன்னார் (45:5). அதே வசனத்தில், நீ எங்கே போனாலும் உன் பிராணனைக் காப்பேன் என்ற வாக்கும் உண்டு. கண்டிப்பும் ஆறுதலும் ஒரே மூச்சில் வந்தன.

பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் துண்டு துண்டாய் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டான். எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுத்தார். பாருக்கு மறுபடியும் உட்கார்ந்து, எரிக்கப்பட்ட வார்த்தைகளையெல்லாம் முதலிலிருந்து எழுதினார்; அவற்றைப் போன்ற வேறு அநேக வார்த்தைகளும் அதில் சேர்க்கப்பட்டன (36:32).